கண்ணாடியில் ஒரு செதில்

பக்கமொன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
உயர்தரப் பிள்ளைகளுக்குப் பதினொன்று.
கல்விக்கு நான் செய்கிற தொண்டு
அந்த ஒரு ரூபாய்தான்.

விடியற்காலை ரியூசன் முடிந்த கையோடு
தலைமயிர் காயாமல் வந்து நிற்பார்கள்.
முகங்கள் எனக்குக் குழம்பும்.
கையெழுத்துக் குழம்பாது.
துவாரகியின் 'ழ' போன வருடம் வரை
வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது.
இந்த ஆவணியில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது,
அதற்கும் நேரமில்லை.
கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிற ஹஸ்னா
சமன்பாடுகளை பஸ்ஸில் எழுதுகிறாள் போல.
ஒவ்வொரு அம்புக்குறியும்
ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியிருக்கும்.

பதுர்சன் திருக்கடலூர்.
அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழைக்
கொண்டுவந்த அன்று
துருப்பிடித்த கதவு மாதிரிக் கீச்சிட்டது அவன் குரல்.
இப்போது
நான் தொங்கவிட்ட 'கடன் இல்லை' பலகை
அவன் நெற்றியில் இடிக்கிறது.
கடன் கேட்டு உள்ளே வரும் நாட்களில்
இன்னும் கொஞ்சம் பலமாக.

புரட்டாதியில் ஒருநாள்
கரைவலை இழுத்துவிட்டு நேரே வந்தான்.
பௌதிகவியல், கடந்தகால வினாத்தாள்,
வகுப்பு முழுவதற்கும் நாற்பது.
அவசரத்தில் மூடியைத் தானே திறந்து
தானே தாளை வைத்தான்.
என் பழைய மெஷினில்
பச்சை வெளிச்சம் நாற்பது தரம் போய் வந்தது.

அடுத்த நாள் ஹஸ்னா கேட்டாள்:
"அக்கா, ஏழாம் கேள்வியில இருக்கிற வில்லை
குவிவோ, குழிவோ? தெளிவா விழேல்ல."

தாளை வாங்கிப் பார்த்தேன்.
கேள்வியில் இருந்தது ஒரு கண்ணாடிக் குற்றி,
அதற்குள் சாய்ந்து போகிற ஒரு கதிர்.
வில்லை என்று ஒன்று இல்லவே இல்லை.
கதிரின் வழியில், சின்ன வட்டமாக,
சூடை மீனின் செதில்.

நாற்பது பேரில் இருபத்து மூன்று பேர்
அதற்குள்ளால் கதிரை வளைத்திருந்தார்களாம்.
ஒருத்தன் குவியத் தூரம் கண்டு
அலகோடு எழுதியிருந்தானாம்.
ஒருத்தி, 'தரவு போதாது' என்று.
பதுர்சன் மட்டும்
பிரதியில் மணம் வராதென்று தெரிந்தும்
தாளை முகர்ந்து பார்த்துவிட்டு
கையைக் கழுவ வெளியே போனானாம்.
வகுப்பு சிரித்து முடிக்கும் வரை
அவன் திரும்பி வரவில்லை.

துவாரகி சிரிக்காமல்
செதிலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் உயிரியல்.
மீன் வளர வளரச் செதிலில் வரி விழுமாம்.
எண்ணினாள். இரண்டு.
"எங்கட பட்ச் தான்," என்று
அவன் கொப்பியை அவன் பக்கம் தள்ளினாளாம்.

பிறகு கார்த்திகை. மழை.
அனுமதி அட்டைகளைப் பொலித்தீனில் அடைத்துக் கொடுத்தேன்.
கரண்ட் போய் வந்தது, போனது.
பிழைத்துப்போன பிரதிகளை
வாசலில் மான்கள் தின்றன.
எந்தப் பரீட்சகரும் இவ்வளவு வேகமாகத்
தாள் பார்க்க மாட்டார்.

முதல் நாள் காலை எட்டரைக்கு
வீதியில் ஒரு வெள்ளைச் சட்டை இல்லை.
மெஷினுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தேன்.
இரண்டு தரம் எழுதியவள் நான்.
இந்த நேரத்துக்கு மண்டபத்தில்
சுட்டெண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள்,
அது என்னவோ மாறிவிடும் என்பது போல.

மறுமொழி இன்னும் வரவில்லை.
பதுர்சன் கடலுக்குப் போகிறான்.
கடனில் பாதி கட்டிவிட்டான்.

நேற்று அடுத்த பட்ச் பிள்ளை ஒன்று வந்தது.
மேசையில் வைத்த தாள்
பிரதியின் பிரதியின் பிரதி.
செதில் ஊறிப் பெருத்து
கதிரில் பாதியை விழுங்கியிருந்தது.
வரிகள் இல்லை. ஒரு கறுப்புப் பொட்டு.

"அக்கா, இது கேள்வியில இருக்கிறதோ?"

"இல்லை," என்றேன்.
வெள்ளை மை அவன் கையிலேயே இருந்தது.
"அழிக்கட்டோ?"

கண்ணாடியைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே இன்னொரு தரம்.

"கிடக்கட்டும். எத்தனை கொப்பி?"